டிஷ்ஷா, கேபிளா? விளம்பரத்தில் இருக்கும் மாதக் கட்டணத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்

கேள்வி இதுதான்: புது வீட்டுக்குக் குடிபோகும் ஒருவர் டிஷ் போடலாமா, கேபிள் இணைப்பு வாங்கலாமா என்று கேட்கிறார். வீட்டில் இரண்டு டிவி இருக்கிறது, இன்டர்நெட்டும் வேண்டும். இரண்டு விளம்பரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, அப்படியானால் அதுதானே மலிவு என்று கேட்கிறார்.

மலிவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது. நீங்கள் எத்தனை மாதம் வைத்திருக்கப் போகிறீர்கள், எத்தனை டிவிக்கு வேண்டும், இடையில் வீடு மாறினால் என்ன ஆகும், இந்த மூன்றும் தெரிந்தால்தான் கணக்கு ஆரம்பிக்கவே முடியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் செலவு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் எந்த ஊரில், எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் பில்லைப் பார்த்த உடனே எங்கே கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கட்டும் பணத்தில் பெரிய பங்கு டிஷ்காரருக்கும் போவதில்லை, கேபிள்காரருக்கும் போவதில்லை, சேனல் நடத்துகிறவர்களுக்குப் போகிறது. விளையாட்டு ஒளிபரப்பு உரிமை, படங்களின் உரிமை எல்லாம் வாங்கி வைத்திருக்கும் சேனல்கள் ஒரு சந்தாதாரருக்கு மாதம் இவ்வளவு என்று விலை வைக்கின்றன. டிஷ் நிறுவனமானாலும் கேபிள் நிறுவனமானாலும் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரிய நிறுவனம் கொஞ்சம் பேரம் பேசிக் குறைக்கும், சின்ன நிறுவனத்தால் முடியாது, வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் ஒரே சேனல்கள் உள்ள பேக்கேஜை ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் அவர் லாபத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று நினைக்காதீர்கள், மீதிப் பணத்தை வேறு எந்தத் தலைப்பில் வாங்கப் போகிறார் என்று தேடுங்கள்.

சேனல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் மிச்சம் இருக்கும் வித்தியாசம் சிக்னல் உங்கள் வீட்டுக்கு வரும் வழியிலும், வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலும், நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

வழியைப் பார்ப்போம். டிவி சேனல்களை அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அந்த உயரத்தில் பூமி சுற்றும் வேகத்துக்கே அதுவும் சுற்றுவதால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது, டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி இறுக்கிவிட்டால் போதும். ஒரு செயற்கைக்கோளைச் செய்து மேலே அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகப் பெரியது, அதன் ஆயுளும் பெரும்பாலும் 15 வருடம்தான். ஆனால் அது மேலே போன பிறகு, கீழே பத்து வீடு பார்த்தாலும் ஒரு கோடி வீடு பார்த்தாலும் மேலே ஆகும் செலவு மாறாது. புதிதாக ஒரு வீட்டைச் சேர்க்க ஒரு டிஷ், ஒரு பெட்டி, பொருத்தும் ஆள் கூலி, அவ்வளவுதான் செலவு. அதனால்தான் டிஷ் நிறுவனங்கள் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரே விலை வைக்க முடிகிறது, மலை உச்சியில் இருக்கும் வீட்டுக்கும் நகரத்தின் நடுவில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே கட்டணம்.

கேபிள் நேர் எதிர். இங்கே செலவு கிலோமீட்டர் கணக்கில் ஏறுகிறது. கம்பமோ பள்ளமோ வேண்டும், ஒயர் வேண்டும், சிக்னல் குறையும் இடத்தில் ஆம்பிளிஃபையர் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், ஒயர் அறுந்தால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். நூறு குடும்பம் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்தச் செலவு நூறாகப் பிரிந்துவிடும், கேபிள் மலிவாகிவிடும். கிலோமீட்டருக்கு நாலு வீடு இருக்கும் இடத்தில் கேபிள் நிறுவனம் வரவே வராது, வந்தாலும் உங்களிடமே ஒயர் செலவைக் கேட்கும். ஆகவே கேபிள் விலையை ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு விசாரிக்க வேண்டும். இன்னொரு ஊரில் இருக்கும் உறவினர் சொன்ன கட்டணம் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது.

ஒரு சின்னத் தகவல் இங்கே. கேபிளில் வரும் சேனல்களிலும் பெரும்பாலானவை செயற்கைக்கோள் வழியாக வருபவைதான். கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் பெரிய பெரிய டிஷ்கள் நிற்கும். 1975-ல் அமெரிக்காவில் எச்பிஓ என்ற கட்டணச் சேனல் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்க இருந்த கேபிள் நிறுவனங்களுக்கு நிகழ்ச்சி அனுப்ப ஆரம்பித்ததில் இருந்தே இதுதான் முறை. வித்தியாசம் என்னவென்றால் கன்ட்ரோல் ரூம்களில் பெரும்பாலும் சி-பேண்ட் என்ற தாழ்ந்த அலைவரிசையைப் பெரிய டிஷ் வைத்துப் பிடிக்கிறார்கள், மழைக்கு அது அவ்வளவாக அசையாது. நம் வீட்டுச் சின்ன டிஷ் கேயு-பேண்ட் என்ற உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்கிறது, டிஷ் சின்னதாக இருக்க முடிவதற்குக் காரணமும் அதுதான், கனமழையில் படம் உடைவதற்குக் காரணமும் அதுதான்.

சரி, பில்லுக்கு வருவோம். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், நான் வெறும் எண்ணாகச் சொல்கிறேன். இது புரிவதற்காக நானே போட்ட கணக்கு, ஆனால் இதன் அமைப்பு நிஜ பில்களில் வருவது போலத்தான்.

டிஷ் விளம்பரத்தில் மாதம் 100 என்று போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில் இது முதல் 12 மாதத்துக்கு மட்டும், பிறகு 140 என்று இருக்கிறது. பொருத்துவது இலவசம், முதல் பெட்டியும் இலவசம், இரண்டாவது பெட்டிக்கு மாதம் 15, எச்டி வேண்டுமென்றால் மாதம் 10, ஒப்பந்தம் 24 மாதம். கேபிள் விளம்பரத்தில் மாதம் 110, விலை ஏறாது, ஒப்பந்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் மாத வாடகை 10, உள்ளூர் சேனல் கட்டணம் என்று ஒரு 15, பொருத்துவதற்கு ஒரு தடவை 50.

இரண்டு டிவி உள்ள வீட்டுக்கு இப்போது கூட்டிப் பாருங்கள். டிஷ் முதல் வருடம் மாதம் 125, இரண்டாம் வருடம் மாதம் 165, 24 மாதத்துக்கு மொத்தம் 3,480. கேபிள் மாதம் 145, பொருத்தும் செலவையும் சேர்த்து 24 மாதத்துக்கு 3,530. அதாவது மாதம் 100 என்று சொன்னவரிடம் உண்மையில் மாதம் 145 கொடுக்கிறோம், 110 என்று சொன்னவரிடம் 147 கொடுக்கிறோம். இரண்டு வருடத்துக்கு வித்தியாசம் வெறும் 50.

இதே கணக்கைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மூன்று வருடம் வைத்திருந்தால் டிஷ் 5,460, கேபிள் 5,270, இப்போது கேபிள் மலிவு. 27-வது மாதத்திலேயே கேபிள் முந்திவிடுகிறது. பத்தாவது மாதத்தில் வீடு மாறி டிஷ்ஷை நிறுத்துகிறீர்கள், மிச்சம் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 25 அபராதம் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்றால், 1,250 கட்டியதோடு 14 மாதத்துக்கு 350 சேர்ந்து 1,600 ஆகிறது, கேபிள் 1,500-லேயே முடிந்திருக்கும். ஒரே ஒரு டிவிதான் என்றால் 24 மாதத்துக்கு டிஷ் 3,120, கேபிள் 3,290, டிஷ் நன்றாகவே மலிவு. மூன்று டிவி என்றால் 3,840-க்கு 3,770, மறுபடியும் கேபிள். விலைப்பட்டியல் ஒன்றுதான், ஆனால் வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது. எது மலிவு என்று பொதுவாக யாராவது அடித்துச் சொன்னால் அவர் தன் வீட்டுக் கணக்கைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த டிவி எண்ணிக்கை விஷயம். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். அனலாக் காலத்தில் வீட்டுக்குள் ஒரு ஒயர் வந்தால் ஒரு ஸ்ப்ளிட்டரைப் போட்டு எத்தனை டிவிக்கு வேண்டுமானாலும் பிரித்துக்கொண்டோம், சிக்னல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான், காசு கூட ஆகாது. டிஜிட்டலில் சேனல்கள் பூட்டி வருகின்றன, ஒவ்வொரு டிவிக்கும் பூட்டைத் திறக்க ஒரு பெட்டி வேண்டும், ஆகவே இரண்டு வழியிலும் இரண்டாவது டிவிக்குப் பணம் உண்டு. ஆனால் கேபிளில் ஒயர் இன்னமும் ஸ்ப்ளிட்டரில் பிரியும். சாதாரண டிஷ்ஷில் அப்படிப் பிரிக்க முடியாது, அதற்குக் காரணம் டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கி ஒயருக்கு அனுப்பும் எல்என்பி என்கிற சின்ன உறுப்பு.

செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் இரண்டு விதமான அலைத் திசைகளில் வருகிறது, அதிலும் கீழ், மேல் என்று இரண்டு அலைவரிசைப் பகுதிகள் உண்டு. இந்த நான்கில் எது வேண்டும் என்பதைப் பெட்டி அதே ஒயர் வழியாக எல்என்பிக்குச் சொல்கிறது: 13 வோல்ட் கொடுத்தால் ஒரு திசை, 18 வோல்ட் கொடுத்தால் இன்னொரு திசை, கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சைகை அனுப்பினால் மேல் பகுதி. ஒரே ஒயரில் இரண்டு பெட்டியை மாட்டினால் ஒன்று 13 கேட்கும், மற்றது 18 கேட்கும், ஒரு டிவியில் சேனல் மாற்றினால் இன்னொரு டிவியில் படம் போய்விடும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எல்என்பியில் இருந்து தனி ஒயர் வேண்டும், இரட்டை வாய் அல்லது நாலு வாய் உள்ள எல்என்பி வேண்டும், அதற்கும் மேலே போனால் சிக்னலைப் பல பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்டிஸ்விட்ச் வேண்டும். பார்த்துக்கொண்டே இன்னொரு சேனலைப் பதிவு செய்யும் பெட்டி என்றால் அந்த ஒரு பெட்டிக்கே இரண்டு ஒயர் தேவைப்படலாம். ஒரே ஒயரில் பல பெட்டிகளை ஓட்டும் யூனிகேபிள் மாதிரியான முறையும் இருக்கிறது, ஆனால் எல்என்பியும் பெட்டியும் இரண்டுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் பொருத்த வருகிறவரிடம் வந்த பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை. முன்பே போனில் கேட்டு, எத்தனை அறைக்கு ஒயர் இழுக்க வேண்டும், இலவசப் பொருத்தலில் எத்தனை மீட்டர் ஒயர் அடங்கும், சுவரில் துளை போடுவது சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பற்றி இன்னொன்று, யாரும் பில்லில் பார்க்காத செலவு. ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு பெட்டி 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க 131 யூனிட் மின்சாரம், இரண்டு பெட்டிக்கு 263 யூனிட். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள், சில இடங்களில் ஒரு மாதச் சந்தாவே அதில் வந்துவிடும். இது இரண்டு வழிக்கும் பொது என்பதால் ஒப்பீட்டை மாற்றாது, ஆனால் தூங்கும்போது ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால் மிச்சம்தான். ராத்திரியில் பதிவு போட்டு வைப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

வரியும் சட்டமும் நாட்டுக்கு நாடு இந்த ஒப்பீட்டை எப்படிச் சாய்க்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவில் கேபிள் நிறுவனம் ஊரின் சாலைகளைப் பயன்படுத்துவதால் உள்ளூர் நிர்வாகத்துக்கு வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணம் கொடுக்க வேண்டும், 1984-ல் வந்த கேபிள் சட்டம் அந்த உச்ச வரம்பை வைத்தது, நிறுவனங்கள் அதைச் சந்தாதாரர் பில்லில் தனித் தலைப்பாகவே ஏற்றிவிடுகின்றன. டிஷ்ஷுக்கு அது கிடையாது, 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர் வரியில் இருந்து அதற்கு விலக்கு கொடுத்துவிட்டது, மாநில வரி வேறு கதை. இந்தியாவில் தலைகீழ், அங்கே டிடிஎச், அதாவது வீட்டு டிஷ் நிறுவனங்கள்தான் பல வருடமாக வருவாயில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாக மத்திய அரசுக்குக் கட்டிவந்தன, கேபிளுக்கு அப்படி இல்லை. ஜெர்மனியில் வாடகை வீட்டுக்காரர்கள் கேபிள் கட்டணத்தை வீட்டுப் பராமரிப்புச் செலவோடு சேர்த்து வாடகைக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது, டிவியே பார்க்காதவரும் கட்டினார், 2024 ஜூன் கடைசியோடு அந்த முறையை நிறுத்தினார்கள். அதுவரை எத்தனையோ பேர் தங்களுக்குக் கேபிள் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். உங்கள் வாடகையிலோ குடியிருப்புச் சங்கத்தின் மாதப் பராமரிப்பிலோ கேபிள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடங்கியிருந்தால் டிஷ் எவ்வளவு மலிவானாலும் அது கூடுதல் செலவுதான்.

விளம்பர விலையும் பில்லும் வேறு வேறாக இருப்பது அரசுகளுக்கும் தெரியும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தது: கேபிளோ டிஷ்ஷோ, வீடியோ சேவைக்கு விலை சொன்னால் உள்ளூர் சேனல் கட்டணம், விளையாட்டுச் சேனல் கட்டணம் போன்றவற்றை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதே இந்த ஒளிந்த தலைப்புகள் எவ்வளவு பரவியிருந்தன என்று காட்டுகிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-ல் போட்ட ஆணை வேறு வழியில் போனது, இணைப்புக்கு ஒரு கட்டணம், சேனலுக்கு ஒரு கட்டணம் என்று இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு சேனலும் தன் விலையை வெளியே சொல்ல வேண்டும் என்றது. 2019-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, டிஷ்ஷையும் கேபிளையும் ஒப்பிடுவதே அங்கே எளிதாகிவிட்டது, ஏனென்றால் சேனல் விலையின் உச்ச வரம்பு இரண்டிலும் ஒன்று. கனடாவிலும் 2016-ல் இருந்து அடிப்படைப் பேக்கேஜும், தனித்தனிச் சேனல் தேர்வும் கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்தது. உங்கள் நாட்டில் சேனலைத் தனியாக எடுக்கும் வசதி இருந்தால் கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் உண்மையாகவே பார்த்த சேனல்களை எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பட்டியல் ஒரு சின்னத் தாளில் அடங்கிவிடும். டிஷ்ஷில் இருந்து கேபிளுக்கு மாறி மிச்சம் பிடிப்பதைவிட, பார்க்காத பேக்கை வெட்டி மிச்சம் பிடிப்பது பல வீடுகளில் அதிகம், இதை நான் அழுத்திச் சொல்வேன்.

டிஷ் பக்கம் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது, விற்பனைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்: மாதச் சந்தாவே இல்லாத டிஷ். பூட்டாமல் வரும் சேனல்களைப் பிடிக்க ஒரு டிஷ்ஷும் ஒரு சாதாரணப் பெட்டியும் போதும். பிரிட்டனில் 2008-ல் வந்த ஃப்ரீசாட், இந்தியாவில் 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று ஓடுவது, ஜெர்மனியில் கிழக்கு 19.2 பாகையில் நிற்கும் ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்களில் வரும் இலவச சேனல்கள் எல்லாம் இந்த வகை. ஒரு தடவை செலவு செய்தால் பிறகு ஒன்றும் இல்லை. நீங்கள் பார்ப்பது செய்தியும் பொதுச் சேனல்களும் மட்டும்தான் என்றால், அல்லது சீரியலும் படமும் இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், இதோடு ஒப்பிடும்போது எந்தக் கேபிளும் மலிவு ஆகாது. கட்டணச் சேனல் வேண்டும், நேரடி விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது.

இன்டர்நெட் என்று வரும்போது தராசு கேபிள் பக்கம் சாய்கிறது. கேபிள் ஒயரில் போகவும் வரவும் முடியும், அதே ஒயரில் டிவியும் இன்டர்நெட்டும் கொடுத்து இரண்டையும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். டிஷ் ஒருவழி, மேலே இருந்து கீழே மட்டும். அந்த உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகவே இன்டர்நெட் கொடுக்கும் சேவைகள் இருந்தாலும் ஒரு கேள்வி மேலே போய்ப் பதில் திரும்பிவர ஏறக்குறைய அரை வினாடி ஆகிவிடும், வீடியோ கால் பேசுவதற்கு எரிச்சலாக இருக்கும். ஆகவே டிஷ் போடுகிறவர்கள் இன்டர்நெட்டுக்கு இன்னொருவரிடம் தனியாகக் கட்ட வேண்டும். மேலே போட்ட கணக்கில் சேர்த்து வாங்குவதற்கு மாதம் 20 தள்ளுபடி என்று வைத்தால் 24 மாதத்தில் 480, முன்பு இருந்த 50 வித்தியாசம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்தத் தள்ளுபடி எத்தனை மாதத்துக்கு என்று பார்க்க வேண்டும். டிவியை மட்டும் பிறகு நிறுத்தினால் இன்டர்நெட் விலை ஏறுமா என்றும் கேட்க வேண்டும், ஏறும் என்றால் அது தள்ளுபடி இல்லை, இரண்டையும் விட முடியாமல் கட்டிப்போடும் கயிறு.

ஒப்பந்தத்தைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. விலை ஏறாது என்ற உறுதியோடு வரும் ஒப்பந்தம் நமக்கு நல்லதுதான். நம்மை மட்டும் 24 மாதத்துக்குக் கட்டிப்போட்டு விலையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று விட்டிருக்கும் ஒப்பந்தம்தான் ஆபத்து. வீடு மாறினால் டிஷ்ஷை எடுத்துப் புது இடத்தில் மாட்டித் தருவார்களா, அதற்குக் கட்டணமா, மாட்டிக்கொடுத்தால் ஒப்பந்தக் காலம் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்குமா என்ற மூன்றும் முக்கியம், கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. புது வீட்டில் டிஷ் மாட்டவே முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பதால் ரேகைக்கு வடக்கே இருப்பவர்களின் டிஷ் தெற்குப் பக்கமாகவும், தெற்கே இருப்பவர்களுக்கு வடக்குப் பக்கமாகவும் வானத்தைப் பார்க்க வேண்டும், நடுவில் மரமோ பக்கத்துக் கட்டடமோ மறைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஆனால் அபராதம் இல்லாமல் விடுவார்களா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பழுதுச் செலவு சுருக்கமாக. டிஷ் காற்றில் லேசாக அசைந்தாலே சிக்னல் போகும், உத்தரவாதம் முடிந்த பிறகு அதைத் திருப்ப வரும் ஆளுக்குத் தனிக் கட்டணம். கேபிளில் வீட்டுக்கு வெளியே இருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு, பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். மின்வெட்டு அதிகம் இருக்கும் இடம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: தெருவில் இருக்கும் ஆம்பிளிஃபையருக்கு மின்சாரம் இல்லை என்றால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கேபிள் வராது. டிஷ் அப்படி இல்லை, உங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தால் படம் வரும். மழைக்காலத்தில் இது தலைகீழ்.

இனி கேட்டவரின் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு டிவி, புது வீடு, இன்டர்நெட் தேவை. ஒரு தாளில் 12, 24, 36 மாதம் என்று மூன்று கட்டம் போடுங்கள். இரண்டு நிறுவனத்துக்கும் போன் செய்து, இரண்டு டிவிக்கும் எல்லா வரியும் வாடகையும் சேர்த்து முதல் மாத பில் எவ்வளவு, பதிமூன்றாவது மாத பில் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். மாதக் கட்டணம் என்ன என்று கேட்டால் விளம்பரத்தில் இருக்கும் எண்ணைத்தான் சொல்வார்கள், பதிமூன்றாவது மாத பில் என்று கேட்டால் உண்மையான எண் வந்துதான் ஆக வேண்டும். கேபிள்காரரிடம் இன்டர்நெட்டோடு ஒரு விலை, இன்டர்நெட் இல்லாமல் ஒரு விலை வாங்குங்கள். டிஷ் கட்டத்தில் தனி இன்டர்நெட் செலவைச் சேருங்கள், இல்லையென்றால் ஒப்பீடு நியாயமாக இருக்காது.

உங்கள் தெருவில் கேபிள் நிறுவனத்தின் இன்டர்நெட் நன்றாக இருந்தால், என் கணிப்பில் உங்களுக்குக் கேபிள்தான் குறைவாக வரும். அது அந்தத் தெருவில் அடிக்கடி நின்றுபோகிறது என்று அக்கம்பக்கத்தவர் சொன்னால், அல்லது இன்டர்நெட்டை வேறு நல்ல நிறுவனத்திடம் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், டிஷ்ஷை எடுங்கள், ஆனால் இரண்டாவது டிவிக்கு உண்மையாகவே எல்லா சேனலும் வேண்டுமா என்று யோசித்துவிட்டு எடுங்கள். அந்த அறையில் செய்தி மட்டும் போதும் என்றால் இலவசச் சேனல் பெட்டியோ இன்டர்நெட்டோ போதும், மாதம் 15 மிச்சம்.

எதை எடுத்தாலும் பெட்டி வாடகையா சொந்தமா என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைப் பெட்டி என்றால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணை முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள், இணைப்பை நிறுத்தும் நாளில் பெட்டி, ரிமோட், அடாப்டர் மூன்றையும் திருப்பிக் கொடுத்து கையோடு ரசீது வாங்குங்கள். திருப்பித் தரவில்லை என்று பெட்டியின் முழு விலையையும் கடைசி பில்லில் ஏற்றிவிட்டால் நீங்கள் காட்டுவதற்கு அந்த ஒரு ரசீதுதான் இருக்கும்.